நடந்து போனவர் நடந்தே வீடு திரும்ப



உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். மாமனாரோ மாமியாரோ, பெற்ற தாயோ தகப்பனோ. வயது எழுபது ஆகியிருக்கும். காலையில் தானாக எழுந்து கொல்லைப்பக்கம் போய் வருவார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டு வருவார். ஒரு நாள் காய்ச்சல் காண்கிறது, மூச்சு இரைக்கிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறீர்கள். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா ஆகியிருக்கிறது என்று சொல்லி வார்டில் சேர்க்கிறார்கள். ஊசி, மாத்திரை, குளுக்கோஸ் பாட்டில். பத்து நாளில் காய்ச்சல் விட்டுவிடுகிறது. "வீட்டுக்குப் போகலாம்" என்று சீட்டு எழுதித் தருகிறார்கள்.

கட்டிலை விட்டு இறக்கினால் பெரியவரால் நிற்க முடியவில்லை. முழங்கால் மடங்குகிறது. பாதம் தரையில் பாவவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். வந்த நோய் போய்விட்டது. ஆனால் நடந்து வந்த மனுஷரைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

ஊரில் என்ன பேசுவார்கள்? "வயசாச்சு, அவ்வளவுதான்" என்பார்கள். "அந்த ஊசி ஒத்துக்கலை" என்று சொல்கிறவர்களும் உண்டு. பத்து நாளில் யாருக்கும் பத்து வயது கூடிவிடாது. ஊசி மருந்துதான் அவரைப் பிழைக்க வைத்தது. காலைக் கெடுத்ததில் நோய்க்கும் பங்கு உண்டு, ஆனால் பெரும் பங்கு படுக்கைக்குத்தான்.

இதைக் குடும்ப நலப் பிரசுரத்தில் எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்கலாம். முன்பெல்லாம் ஒரு வீட்டில் மூன்று மருமகள், வயசுக்கு வந்த பேத்திகள், பக்கத்திலேயே நாத்தனார் என்று ஆள் இருந்தது. இன்று புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், ஒன்றோ இரண்டோ குழந்தைகள். தம்பி திருப்பூரில், தங்கை பெங்களூரில். ஒரு பெரியவர் படுத்த படுக்கையானால் அவரைத் திருப்பிப் போட, கழுவிவிட, ஊட்ட ஒரு ஆள் வீட்டோடு நிற்க வேண்டும். அந்த ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் மருமகள்தான். அவளுடைய கூலி நின்றுபோகிறது. வீட்டு வரவு பாதியாகிறது. பெரியவருக்கோ தன் மலம் அள்ள மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்கிற வெட்கம் நோயைவிடப் பெரிய வேதனை. இது முழுவதையும் தடுக்க முடியாமல் போகலாம். நிறையத் தடுக்கலாம். அதற்கு வேண்டியது விலை உயர்ந்த மருந்து அல்ல. வார்டில் பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கைதான்.

படுக்கை என்ன செய்கிறது?

ஓய்வு என்றால் படுத்திருப்பது என்று நாம் நினைக்கிறோம். ஒரு காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பிரசவித்தவளைக்கூட வாரக்கணக்கில் படுக்கையில் வைத்த காலம் உண்டு. 1947-ஆம் ஆண்டிலேயே லண்டன் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர், நோயாளிகளைப் படுக்கையிலேயே போட்டு வைப்பதன் ஆபத்துகளைப் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகையில் காரமாக எழுதினார். அப்போதிருந்து டாக்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டார்கள். நோயாளியைப் பார்க்க வருகிற உறவுக்காரர்கள்தான் இன்னும் மாறவில்லை. ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கி வந்து, "எழுந்திருக்காதீங்க, படுங்க, படுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வேலை செய்யாத தசை கரையும். கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்டைப் பிரித்தால் அந்தக் கை மற்றக் கையைவிட மெலிந்திருக்கும். கால்களுக்குப் படுக்கையே மாவுக்கட்டு. அமெரிக்காவில் ஒரு சோதனை செய்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். நோய் ஒன்றும் இல்லாத, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. கால் பலத்தில் 100-க்கு 15 பங்குக்கு மேல் போய்விட்டது. நோயில்லாதவர்களுக்கே இந்தக் கதி என்றால், காய்ச்சலிலும் பட்டினியிலும் கிடக்கிற உங்கள் வீட்டுப் பெரியவரின் காலை நினைத்துப் பாருங்கள். வாலிபர்களுக்கும் சதை குறையும், ஆனால் சீக்கிரம் திரும்பி வந்துவிடும். வயதானவர்களுக்குப் போவது வேகம், வருவது மெது.

தசை மட்டுமல்ல. கெண்டைக்கால் தசைதான் காலில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளிவிடும் பம்பு. பல நாள் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்தம் காலுக்கு இறங்கிவிடும், தலைக்கு ஏறுவது குறையும். கண் இருட்டும், ஆள் சாய்வார். அசையாத காலின் இரத்தக் குழாயில் கட்டி உறையவும் கூடும். சளி வெளியே வராமல் நெஞ்சிலேயே தங்கும். மலம் இறுகும். இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும்.

பாதம் என்னும் அஸ்திவாரம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்துவது பாதத்துக்குள்ளேயே இருக்கும் சிறு தசைகளும், கெண்டைக்காலிலிருந்து இறங்கி வரும் நரம்புக் கயிறு போன்ற தசைநார்களும். வரப்பில் நடக்கும்போது உங்கள் பாதத்தைக் கவனியுங்கள். விரல்கள் விரிந்து மண்ணைக் கவ்வும். பெருவிரல் அழுந்தி உடம்பை முன்னே தள்ளும். உடம்பு ஒரு பக்கம் சாயப் போனால் முதலில் தாங்குவது இந்த விரல்கள்தான். விரல் பலம் குறைந்த முதியவர்கள் அதிகமாக விழுகிறார்கள் என்று கணக்கெடுத்தே சொல்லியிருக்கிறார்கள். தொடை பலத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். விரலை யாரும் நினைப்பதில்லை.

நாம் விழாமல் நிற்பது மூன்று துணைகளால். ஒன்று கண். இரண்டாவது, காதுக்கு உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு. மூன்றாவது, தரை மேடா பள்ளமா, ஈரமா உலர்ந்ததா என்று சொல்லும் உள்ளங்காலின் உணர்ச்சி. அடுப்புக்கு மூன்று கல் போல இவை மூன்றும். இராத்திரியில் விளக்கு இல்லாவிட்டால் ஒரு கல் போயிற்று. வெகுநாள் சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப் போயிருந்தால் இன்னொரு கல்லும் போயிற்று. அந்த நிலையில்தான் பெரியவர் நடுராத்திரி இரண்டு மணிக்கு, பழக்கமில்லாத வார்டில், ஈரத் தரையில், யாரையும் எழுப்ப மனமில்லாமல் கழிப்பறைக்குப் புறப்படுகிறார்.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் உண்டான எளிய சோதனை இது. பெரியவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை மெல்லத் தொடுங்கள். ஒன்று இரண்டு விநாடி போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்தால் "வலது", "இடது" என்று சொல்லட்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். இரண்டு இடத்திலோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வார்டிலும் கூடாது, வீட்டிலும் கூடாது. மரத்துப்போன பாதத்துக்கென்றே எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்தென்ற ரப்பரில் செய்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்படியே பாதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தகப்பன் காலைத் தொட மகனுக்கென்ன கூச்சம்? நகம் வளர்ந்து வளைந்திருக்கிறதா, கால் ஆணி இருக்கிறதா, பித்தவெடிப்பில் சீழ் இருக்கிறதா, விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா? நகம் குத்துகிறது என்பதற்காகவே நடக்க மறுக்கிற பெரியவர்கள் உண்டு, கேட்டால் சொல்ல மாட்டார்கள். கால் வீங்கியிருந்தால் மாமியாரின் மெட்டி விரலை இறுக்கும். நேரத்தோடு கழற்றி வையுங்கள். குதிகால் சிவந்திருந்தால் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள்.

வார்டில் செய்ய வேண்டியது

சேர்த்த அன்றைக்கே டாக்டரிடமோ நர்ஸ் அம்மாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "இவரை எப்போதிலிருந்து உட்கார வைக்கலாம், எப்போதிலிருந்து நடக்க வைக்கலாம்?" இந்தக் கேள்வியைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். கேட்காவிட்டால், வேலை நெருக்கடியில் அவர்களும் சொல்ல மறந்து போகலாம். பெரும்பாலான நோய்களில் பதில் "இன்றைக்கே" அல்லது "நாளைக்கு" என்றுதான் வரும். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்தவரைக்கூட மறுநாளே எழுப்பி நிறுத்துவதுதான் இன்றைய முறை. "இருக்கட்டும், இப்போது வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால் காரணம் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் மறுபடியும் கேளுங்கள்.

படுத்திருக்கும்போதே தொடங்கலாம். பாதத்தை மூக்குப் பக்கமாக நிமிர்த்தி, பிறகு தையல் மிஷின் மிதிக்கிற மாதிரிக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். பத்துத் தடவை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை. விரல்களை விரித்து மடக்கட்டும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை நசுக்குகிற மாதிரி காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தட்டும். இவ்வளவும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே செய்யக் கூடியவை.

அடுத்தது உட்காருதல். சாப்பாட்டைப் படுக்கையில் ஊட்டாதீர்கள். "அத்தே, எழுந்து உக்காந்து சாப்பிடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லி, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். நாற்காலி கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் உட்கார்ந்தாலே நாளில் ஒன்றரை மணி நேரம் படுக்கையிலிருந்து மீட்டாயிற்று. உட்கார்ந்தவுடன் நிற்கச் சொல்லக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் பாதத்தை ஆட்டிக்கொண்டு இருக்கட்டும். தலை சுற்றினால் படுக்க வைத்துவிட்டு நர்ஸிடம் சொல்லுங்கள். தெளிந்தால் நிற்கலாம்.

எழுப்புவதில் ஒரு முறை இருக்கிறது. நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு கையையும் பிடித்து இழுப்பது, இல்லையென்றால் அக்குளில் கைவிட்டுத் தூக்குவது. தோள்மூட்டு நழுவும், உங்கள் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். அதெல்லாம் வேண்டாம். பெரியவரை விளிம்புக்கு நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் படிய வேண்டும். கட்டில் உயரமாக இருந்து கால் தொங்கினால் ஆடாத படிப்பலகையைக் கீழே போடுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளட்டும். முன்னால் குனிந்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வந்ததும் கையைக் கட்டிலில் ஊன்றித் தானே எழட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று இடுப்பில் ஒரு கை வைத்தால் போதும். மூன்று தடவை முயன்று ஒரு தடவை எழுந்தாலும் அது அவர் கால் எழுந்தது. நீங்கள் தூக்கினால் அது உங்கள் கை எழுந்தது.

நின்றுவிட்டால் அன்றைக்குக் கட்டிலைச் சுற்றி நாலு எட்டு போதும். மறுநாள் ஜன்னல் வரைக்கும். அதற்கடுத்த நாள் கழிப்பறை வரைக்கும். ஒரே தடவையில் நீள நடையாக வேண்டாம். காலை, மதியம், மாலை என்று பிரித்து நடத்துங்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் நிற்பதும் இறங்குவதும் ஐந்தாறு தடவை செய்தால் கெண்டைக்காலும் விரலும் சேர்ந்து பலப்படும்.

"இவ்வளவு வயசுக்கு மேல இதெல்லாம் ஆகுமா?" என்று கேட்பீர்கள். ஸ்பெயின் நாட்டில் பாம்ப்லோனா நகர ஆஸ்பத்திரியில் 75 வயதுக்கு மேற்பட்ட 370 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 20 நிமிடம் கால் பலம், நடை, சமநிலைப் பயிற்சி. அவர்களில் பலருக்கு வயது 85-ஐத் தாண்டியிருந்தது. சில நாள்தான் பயிற்சி. 2019-ல் அச்சான முடிவு என்ன சொல்கிறது? பயிற்சி இல்லாதவர்கள் வந்தபோது இருந்ததைவிடத் தளர்ந்து வீடு போனார்கள். பயிற்சி செய்தவர்கள் தளரவில்லை, கொஞ்சம் முன்னேறியே போனார்கள்.

கட்டிலோடு கட்டிப்போடும் சில பொருள்கள் உண்டு. சிறுநீர்க் குழாய் அதில் ஒன்று. தேவைக்கு வைத்த குழாய் தேவை தீர்ந்த பிறகும் இருந்துவிடும். "இன்னும் வேணுமாங்க?" என்று தினம் ஒரு தடவை கேளுங்கள். குளுக்கோஸ் ஓடாத நேரத்தில் ஊசியை மூடி வைத்துவிட்டு நடக்கலாமா என்றும் கேளுங்கள். நீங்களாகக் கழற்றக் கூடாது. இன்னொன்று டயபர். எழுந்து போக முடிந்தவருக்கும், துணைக்கு இருப்பவரின் வசதிக்காக டயபர் கட்டிவிடுவதை வார்டு வார்டாகப் பார்க்கிறோம். இராத்திரி தூக்கம் கெடக் கூடாது என்பது நியாயம்தான், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கழிப்பறைக்குப் போய்வரும் அந்த இருபது எட்டுதான் அன்றைக்கு அவர் காலுக்குக் கிடைக்கிற வேலை. அதையும் பிடுங்கிவிட்டால் வேறென்ன இருக்கிறது?

கண்ணாடி போடுகிறவராக இருந்தால் கண்ணாடியைக் கொண்டு வாருங்கள். பெட்டியிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறோம். செருப்பையும் கொண்டு வாருங்கள். கழன்று ஓடும் தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம், பின்பக்கம் வார் வைத்தது வேண்டும். வழவழப்பான தரையில் காலுறை மட்டும் போட்டு நடப்பது எண்ணெயில் நடப்பதற்குச் சமம். வேட்டி, புடவை தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளி என்றால் கஞ்சியும் ரொட்டியும்தான் என்று வைத்திருக்கிறோம். வெறுங்கஞ்சியில் சதை வளராது. 50 கிலோ எடையுள்ள பெரியவருக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். கெட்டிப் பருப்பு, சுண்டல், மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பல் இல்லாதவருக்குச் சுண்டலை மசித்துக் கொடுக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டர் சொல்கிற அளவுதான்.

யார் செய்வது?

இரண்டு பேரும்தான். பெண்கள் வார்டில் இராத்திரி ஆண்களைத் தங்கவிட மாட்டார்கள். ஆகையால் அம்மாவைச் சேர்த்திருந்தால் இராத்திரி மருமகளோ மகளோதான் பாயைப் போட்டுப் படுக்க வேண்டியிருக்கும். மகன் என்ன செய்வார்? ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டு, மாத்திரை சீட்டுக்கு அலைந்துகொண்டு இருப்பார். பகலில் பார்வையாளர் நேரத்தில் உள்ளே வந்து அம்மாவை நடக்க வைப்பது அவர் வேலையாக இருக்கட்டும். இராத்திரி கண் விழித்த பெண் அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் தூங்கட்டும். அதுவும் இல்லாமல், மருமகள் "நடங்க" என்றால் "என்னை விரட்டறா" என்று எடுத்துக்கொள்கிற மாமியார், மகன் கையைப் பிடித்தால் சிரித்துக்கொண்டே நடப்பார். இது எல்லா ஊரிலும் உள்ள கதைதான்.

எப்போது எழுப்பக் கூடாது?

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் நடக்க வைக்காதீர்கள், தேய்த்தும் விடாதீர்கள். இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் விழுந்து போதல், வாய் கோணுதல், திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுதல் இவற்றுக்கும் அப்படியே. காய்ச்சல் ஏறியிருக்கிற வேளையில் வற்புறுத்த வேண்டாம், இறங்கினதும் பார்க்கலாம்.

விழுந்துவிட்டால்?

பதறி உடனே தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். இடுப்புப் பக்கம் வலித்து, ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். நிற்க வைத்துச் சோதிக்காதீர்கள். வீட்டில் நடந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். எண்ணெய்க் கட்டுக்கும் உருவி விடுவதற்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இந்த முறிவுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. உடம்பு தாங்கும் நிலையில் இருந்தால் இரண்டு நாளுக்குள் செய்துவிடுவது நல்லது. கட்டுப் போட்டுப் படுக்க வைத்தே ஆறு வாரம் ஓட்டினால் நாம் முன்னால் சொன்ன படுக்கையின் தொல்லைகள் அத்தனையும் வந்து சேரும்.

அடி ஒன்றும் இல்லையென்றாலும் விழுந்ததை மறைக்கக் கூடாது. "சும்மா வழுக்கிடுச்சு" என்பார் பெரியவர். ஒரு தடவை விழுந்தவர் பயத்தால் நடையைக் குறைப்பார். நடை குறைந்தால் கால் தளரும், தளர்ந்தால் மறுபடி விழுவார். ஏன் விழுந்தார் என்று பாருங்கள். புதிதாகக் கொடுத்த பிரஷர் மாத்திரையா, தூக்க மாத்திரையா, ஈரத் தரையா, கண்ணில் புரையா? மாத்திரைதான் காரணம் என்று தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வீட்டுக்கு வந்தவுடன் திண்ணையில் பாயைப் போட்டுப் படுக்க வைத்துவிட்டால் ஆஸ்பத்திரியில் பட்ட பாடெல்லாம் வீண். முதல் இரண்டு மாதம்தான் முக்கியம். முதுகு சாய்ந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது, காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. பழகப் பழகப் பத்தாக்கலாம். தரையில் ஒரு துண்டை விரித்து, உட்கார்ந்தபடியே கால்விரலால் அதைத் தன் பக்கமாகச் சுருட்டி இழுக்கட்டும். புளியங்கொட்டைகளைப் போட்டுக் கால்விரலால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். பேரப்பிள்ளையைப் போட்டிக்கு விட்டால் தாத்தா அரை மணி நேரம் விளையாடுவார். கதவு நிலையையோ கனமான மேஜையையோ பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி ஒன்றன் முன் ஒன்றாக வைத்துப் பத்து எண்ணும்வரை நிற்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

தடி வேண்டுமென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டுக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் போதும். காட்டில் வெட்டிய மூங்கில் தடியானால் அடியில் ரப்பர் குப்பி மாட்டுங்கள். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் அதே பக்கம் பிடித்துக்கொண்டு நொண்டுகிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவு கால் முதலில்.

வீட்டை அவர் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். வாசல் நிலைப்படி தடுக்குமா, கிணற்றடியில் பாசி இருக்கிறதா, கழிப்பறைக்குப் போகும் வழியில் மண்வெட்டி சாத்தியிருக்கிறதா? இராத்திரி முழுக்க ஒரு சிறு விளக்கு எரியட்டும். கழிப்பறைச் சுவரில் கைக்கு எட்டும் உயரத்தில் இரும்புக் கம்பி ஒன்று பதிக்க ஒரு கொத்தனாருக்கு ஒரு மணி நேர வேலை. குந்தி எழ முடியாதவருக்கு, நடுவில் துளையிட்ட நாற்காலி கிடைக்கிறது.

மாதம் ஒரு தடவை நடையை அளந்து பாருங்கள். நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில் கோடு கிழியுங்கள். எழுந்து, வழக்கமான நடையில் கோடு வரை போய்த் திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். எண்ணிக்கை மாதா மாதம் குறைந்துகொண்டு வந்தால் சரி. ஏறிக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம்.

முதியோருக்கென்றே தனி வைத்தியம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியால் முதியோர் பிரிவு தொடங்கியது. வீடு தேடி வந்து பிசியோதெரபி கொடுப்பதையும் சேர்த்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. உங்கள் ஊருக்குப் பிசியோதெரபிக்காரர் எந்த நாளில் வருவார் என்று கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டுப் பெயரைக் கொடுத்து வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டையும், பெரியவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், நடக்கும்போது போடுகிற செருப்பையும் கையோடு எடுத்துப் போங்கள்.